எங்கள் தலைமேல் நடக்கும் ஏலம்

2025 ஜனவரியில், ஜேர்மனியின் கார்ள்ஸ்ரூஹ நகரில் வீட்டுத் தபால்பெட்டிகளுக்குள் விமானச் சீட்டைப் போல அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள் வந்து விழுந்தன. பயணியின் பெயர் வரும் இடத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்று போட்டிருந்தது. பயண நாள் பெப்ரவரி 23. அது பாராளுமன்றத் தேர்தல் நாள். அதை அடித்து விநியோகித்தது 'ஜேர்மனிக்கான மாற்று' என்ற கட்சியின் நகரக் கிளை. இங்கே எல்லோரும் அந்தக் கட்சியை ஏ.எப்.டி. என்பார்கள்.

அந்தச் சீட்டை யார் யார் கையில் எடுத்திருப்பார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எடுத்திருக்கும். இரவுவேலை முடித்து வந்த தாதி எடுத்திருப்பாள். அவர்களுக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் குமுறுவது ஏ.எப்.டி.யைப் பார்த்து மட்டும் அல்ல. அது எங்களை வெறுக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. உங்களை நாங்கள் வெறுக்கவில்லை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, மறுபக்கம் அதன் பேச்சையே எடுத்துப் பேசுகிறவர்கள்தான் என் நெஞ்சைக் கொதிக்க வைக்கிறார்கள்.

2013இல் யூரோ நாணயத்தை எதிர்த்த சில பேராசிரியர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கிய கட்சி அது. அந்த வருடத் தேர்தலில் 4.7 வீதம் எடுத்து, ஐந்து வீதத் தடையைத் தாண்டாமல் வெளியே நின்றது. 2015இல் சிரிய அகதிகள் வந்தார்கள். 2017இல் அந்தக் கட்சி 12.6 வீதத்தோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. பெர்லினில் இருக்கும் யூத இனப்படுகொலை நினைவிடத்தை வெட்கத்தின் சின்னம் என்ற ஒரு வரலாற்று ஆசிரியர், பியோர்ன் ஹோக்கே, அதன் தலைவர்களில் ஒருவர். ஹிட்லரின் காலத்தை ஆயிரம் வருட ஜேர்மன் வரலாற்றில் விழுந்த ஒரு பறவை எச்சம் என்ற அலெக்சாண்டர் கௌலாண்ட் இன்னொருவர். 2024 செப்டெம்பரில், ஹோக்கேயின் தலைமையில், தூரிங்கியா மாநிலத் தேர்தலில் 32.8 வீதம் எடுத்து முதலிடம். உலகப் போருக்குப் பிறகு தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்று இந்த நாட்டின் மாநிலத் தேர்தலில் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் 20.8 வீதம், 152 ஆசனங்கள், இரண்டாமிடம்.

இந்தப் பன்னிரண்டு வருடங்களில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

2018இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்ட பிரீட்ரிக் மேர்ஸ், ஏ.எப்.டி.யின் வாக்கைப் பாதியாகக் குறைத்துக் காட்டுவேன் என்றார். எப்படிக் குறைத்தார்? 2023இல் தொலைக்காட்சியில் வந்து, நிராகரிக்கப்பட்ட அகதிகள் பல் வைத்தியரிடம் போயிருந்து பற்களைப் புதுப்பித்துக் கொள்கிறார்கள், பக்கத்தில் ஜேர்மன் குடிமக்களுக்குத் தவணை கிடைப்பதில்லை என்றார்.

இந்தப் பல்லுக் கதையை நான் கடந்துபோக முடியாது. அகதிகளுக்கான உதவிச் சட்டம் 1993இல் வந்தது. கடுமையான நோய்க்கும் வலிக்கும்தான் வைத்தியம், பல் கட்டுவது தள்ளிப்போட முடியாத நிலையில் மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த எங்கள் பெடியளைக் கேளுங்கள். முகாமில் கன்னம் வீங்கி இரவெல்லாம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, காலையில் அலுவலகத்தில் கடிதம் வாங்க வரிசையில் நிற்பான். கடிதம் கிடைத்தால் வைத்தியர் பல்லைப் பிடுங்கிவிடுவார். அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லையும் பிடுங்கித்தான் அனுப்பினார்கள் என்று சொல்லிக் கடைவாயைத் திறந்து காட்டும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் பல்லிழந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த நாட்டின் இன்றைய பிரதமரான மேர்ஸ் அப்படிச் சொன்னார்.

அதே 2023இல் அப்போதைய பிரதமர், சமூக ஜனநாயகக் கட்சியின் ஓலாவ் ஷொல்ஸ், பெரிய அளவில் ஆட்களை நாடுகடத்த வேண்டும் என்று ஒரு வார இதழுக்குப் பேட்டி கொடுத்தார். இதழ் அதை அட்டையிலேயே போட்டது. எட்டு மாதத்துக்குள் ஐரோப்பியத் தேர்தல் வந்தது. ஏ.எப்.டி. 15.9 வீதம், ஷொல்ஸின் கட்சி 13.9 வீதம். அந்தப் பேச்சைக் கேட்ட வாக்காளன் நகலை விட்டு அசலிடம் போனான்.

பிறகு 2025 ஜனவரி 29. அதற்கு ஒரு வாரம் முன்னர் அஷாபன்பேர்க் நகரப் பூங்காவில், மனநோயாளியான ஆப்கான் அகதி ஒருவர் பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கத்தியால் தாக்கினார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும், தடுக்கப்போன ஒருவரும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி கேட்டு எங்கள் வீடுகளிலும் அடுப்பு மூட்டவில்லை. கொல்லப்பட்ட அந்தக் குழந்தை மொரோக்கோப் பின்னணிக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் தலைமேல் வாக்குக்கு ஏலம் போடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. குழந்தையைச் சவப்பெட்டியில் வைத்த கையோடு மேர்ஸ் பாராளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எல்லையில் வைத்தே அகதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. ஏ.எப்.டி.யின் கைகளும் சேர்ந்து உயர்ந்து 348 வாக்குகளால் அது நிறைவேறியது. தீவிர வலதுசாரிகளோடு நாங்கள் எதிலும் சேரமாட்டோம் என்று அதுவரை எல்லாக் கட்சிகளும் சொல்லிவந்த சுவர் அன்றைக்கு இடிந்தது. முன்னாள் பிரதமர் அங்கேலா மெர்க்கல், மேர்ஸின் சொந்தக் கட்சிக்காரி, அது தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய 99 வயது அல்பிரெக்ட் வைன்பேர்க், அரசு தனக்குத் தந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வயதில் அந்த மனிதனுக்கு இதையும் பார்க்க வேண்டி வந்ததே!

பாதியாக்குகிறேன் என்றவர் பிரதமரானார். 2021இல் பத்து வீதத்துக்குச் சற்று மேலே இருந்த ஏ.எப்.டி. அவர் வென்ற தேர்தலில் இரட்டித்தது. அவர் நிறுத்தினாரா? இல்லை. 2025 ஒக்டோபரில், நகரங்களின் தெருத் தோற்றத்தில் இன்னும் ஒரு பிரச்சினை இருக்கிறது, அதனால்தான் உள்நாட்டமைச்சர் பெரிய அளவில் நாடுகடத்த ஏற்பாடு செய்கிறார் என்றார். தெருவில் நிற்கும் மனிதரைப் பார்த்து எப்படி ஐயா கண்டுபிடிப்பீர்கள், யாரிடம் வதிவிட அனுமதி இருக்கிறது, யாரிடம் இல்லை என்று? தோலைப் பார்த்துத்தானே! என் தோலும் என் பிள்ளைகளின் தோலும் இந்தத் தெருவில்தான் நடக்கின்றன. என் மகள் இங்கே பிறந்தவள். ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாள். கனவுகூட இந்த மொழியில்தான் காண்கிறாள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "அப்பா, நானும் அந்தப் பிரச்சினைக்குள்ள அடக்கமோ?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

இதை நான் இரண்டாம் தடவை பார்க்கிறேன். எண்பதுகளில் வந்து இறங்கியவர்களுக்கு 1991 தொடங்கி 1993 வரையான காலம் மறக்காது. 1991 செப்டெம்பரில் ஹோயர்ஸ்வேர்டாவில் வெளிநாட்டுத் தொழிலாளரும் அகதிகளும் இருந்த விடுதிகளைக் கும்பல் தாக்கியது. அவர்களைப் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு வெளியேற்றினார்கள். கல்லெறிந்தவர்கள் வென்றார்கள். 1992 ஓகஸ்டில் ரொஸ்டொக் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில், சுவரில் சூரியகாந்திப் பூக்கள் பதித்த மாடிக் குடியிருப்பு ஒன்றை நாட்கணக்கில் சூழ்ந்து நின்று தாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் நின்று கைதட்டினார்கள். பொலிஸ் பின்வாங்கிய இரவில் கட்டிடத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட வியட்நாமியர் இருந்தார்கள். கூரைவழியாக ஏறி உயிர்பிழைத்தார்கள். நாங்கள் முகாம்களில் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி இருந்து அந்த நெருப்பைப் பார்த்தோம். எங்களுக்கு அது புது நெருப்பாகத் தெரியவில்லை. 1983இல் அதில் ஒருமுறை வெந்துதானே கொழும்பைவிட்டு ஓடிவந்தோம். அன்றிலிருந்து எங்கள் முகாமில் மாறிமாறிக் காவல் இருந்தோம். சன்னலுக்குக் கீழே வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தோம்.

அரசியல்வாதிகள் அந்த நெருப்பிலிருந்து என்ன பாடம் எடுத்தார்கள்? மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள், ஆகவே அகதிச் சட்டத்தை இறுக்க வேண்டும் என்ற பாடத்தை. 1992 நவம்பர் 23 அன்று மோல்ன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டை எரித்தார்கள். ஒரு பாட்டியும் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். இரண்டு வாரம் ஆகவில்லை, பெரிய கட்சிகள் கூடியிருந்து அகதி உரிமையை வெட்டுவதற்கு உடன்பாடு கண்டன. 1993 மே 26 அன்று பாராளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தியது. மூன்றாம் நாள், மே 29 அன்று, சோலிங்கன் நகரில் கெஞ்ச் என்ற துருக்கியக் குடும்பத்தின் வீட்டை எரித்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், எல்லாரும் பெண்களும் சிறுமிகளும். சட்டத்தைக் கொடுத்துத் தீயை அணைக்கலாம் என்று நினைத்தவர்களுக்குத் தீ மூன்று நாளில் பதில் சொன்னது.

அன்றைய பிரதமர் ஹெல்மூட் கோல் மோல்னில் நடந்த அஞ்சலிக்குப் போகவில்லை. அனுதாபச் சுற்றுலா போக முடியாது என்று அவருடைய பேச்சாளர் விளக்கம் சொன்னார். ஆனால் சாதாரண ஜேர்மன் மக்கள், குழந்தைகள் உட்பட, அந்தக் குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆறுதல் கடிதங்கள் எழுதினார்கள். அவை நகர நிர்வாகத்தின் காப்பகத்தில் கிடந்தன. பல பத்தாண்டுகள் போன பிறகுதான் உயிர்தப்பிய பிள்ளைகளுக்கு அப்படிக் கடிதங்கள் வந்திருந்ததே தெரியவந்தது. நாங்கள் தனித்துவிடப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இந்த நாட்டில் எங்களோடு நின்றவர்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்களுடைய குரல் மட்டும் காப்பகத்துக்குப் போகிறது. வெறுப்பின் குரல் நேராகப் பாராளுமன்றத்துக்குப் போகிறது.

அதற்குப் பிறகு நடந்ததையும் நாங்கள் அறிவோம். 2000 முதல் 2007 வரை நவநாஜிகளின் ஒரு சிறு குழு ஊர் ஊராகப் போய்ப் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒன்பது பேர் துருக்கிய, கிரேக்கப் பின்னணி உடையவர்கள். 2011 வரை பொலிஸ் அந்தக் குடும்பங்களையே சந்தேகித்து விசாரித்தது. 2020 பெப்ரவரி 19 அன்று ஹனாவ் நகரில் ஓர் இனவெறியன் ஒன்பது இளம் உயிர்களைக் குடித்தான்.

நான் இலங்கைத் தமிழன் என்பதால்தான் இந்த ஏலம் எனக்கு இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது. யாழ்ப்பாணத்துக்கு வந்து, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்று சொல்லிவிட்டுப் போனவர் அன்றைய இலங்கைப் பிரதமர், ஐக்கிய தேசியக் கட்சியின் சேர் ஜோன் கொத்தலாவல. 1956 தேர்தல் நெருங்கியது. பண்டாரநாயக்கா சிங்களம் மட்டும் என்று முழங்கினார். ஐக்கிய தேசியக் கட்சி பயந்தது. அந்த வருட பெப்ரவரியில் களனியில் மாநாடு கூட்டித் தானும் சிங்களம் மட்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்குக் கிடைத்ததா? ஆளும் கட்சியாகத் தேர்தலுக்குப் போன அது எட்டே ஆசனங்களோடு திரும்பியது. பிறகு பிரதமரான பண்டாரநாயக்கா 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, அதே ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். பண்டாரநாயக்காவுக்கும் பயம் பிடித்தது. அடுத்த வருடம் பிக்குகள் வந்து வீட்டு வாசலில் இருந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. ஏலத்தை யார் தொடங்கினார்கள் என்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு முக்கியமில்லாமல் போகிறது. ஒவ்வொருவரும் மற்றவனைவிட ஒரு சதம் கூட்டித்தான் கேட்க முடியும், குறைத்துக் கேட்க முடியாது. விலைபேசப்படுகிறவன் நடுவில் நிற்கிறான். 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் எங்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். களனியிலிருந்து அந்தக் கதவுவரை 27 வருடங்கள்.

ஜேர்மனி இலங்கை அல்ல என்று சொல்வார்கள். இங்கே நீதிமன்றம் இருக்கிறது, அரசியல் சட்டம் இருக்கிறது, உளவுத்துறையே 2025 மே மாதம் அந்தக் கட்சியை நிரூபிக்கப்பட்ட தீவிரவாதக் கட்சி என்று வகைப்படுத்தியது என்பார்கள். உண்மைதான். கட்சி வழக்குப் போட்டதும் ஒரு வாரத்துக்குள் அந்த வகைப்படுத்தலை இடைநிறுத்தியதும் உண்மைதான். சட்டத்தை எழுதுகிற கைகளே மாறும்போது சட்டம் எவ்வளவு நாள் எங்களைக் காக்கும்? 1993இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியவர்கள் நாஜிகள் அல்ல, நல்ல கட்சிகள்.

இனி எங்கள் ஆட்களிடம் வருகிறேன். இதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தேர்தலுக்கு முன்னர் எங்கள் தமிழ்க்கடை ஒன்றில் நின்றேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், எனக்கு இருபது வருடப் பழக்கம், சொன்னார்: "அண்ணை, அவங்கள் எங்களைச் சொல்லேல்லை. உந்தப் புதுசா வந்து கத்தியோட திரியிறவங்களைத்தான் சொல்லுறாங்கள். நாங்கள் வேலை செய்து வரி கட்டுற சனம். எங்களை ஏன் அனுப்பப் போறாங்கள்?"

தம்பி, நீ எப்படி வந்தாய் என்று கேட்டேன். அவர் பேசவில்லை. எனக்குத் தெரியும், அவரும் நான் வந்த வழியால்தான் வந்தார். மொஸ்கோ போய், கிழக்கு பெர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து, அகதி என்று கையைத் தூக்கினோம். விசா இருந்ததா எங்களிடம்? ஒரு துண்டுக் காகிதம் இருந்ததா? அப்போது பத்திரிகைகள் வெள்ளம் வருகிறது என்று எழுதியது எங்களைப் பற்றித்தான். தமிழன் என்றால் போதைப்பொருள் கடத்துகிறவன் என்று பேச்சு. 1985இல் மேற்கு ஜேர்மனி கிழக்கு ஜேர்மனியோடு பேசி, விசா இல்லாத தமிழர்களை விமானத்தில் ஏற்றாதபடி அந்த வழியை அடைத்தது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் 1986 ஓகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர், இங்கே வடக்கில் பிராக்கே என்ற துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். இந்த நாட்டில் வாழ முடியாமல் அத்திலாந்திக் கடலில் இறங்கியவர்கள் எங்கள் சனம். நாற்பது வருடத்துக்குள் நாங்கள் 'பழைய ஆட்கள்' ஆகிவிட்டோம். 'புதிய ஆட்கள்' என்று கைகாட்ட ஒரு சிரியனும் ஓர் ஆப்கானும் கிடைத்துவிட்டார்கள்.

வேலை செய்கிற சனம், வரி கட்டுகிற சனம் என்ற பேச்சையும் நான் இனிச் சொல்லப் போவதில்லை. எத்தனை ரெஸ்ரோறண்டுகளில் கோப்பை கழுவினோம், எத்தனை விடியற்காலைகளில் பனிக்குள் பேப்பர் போட்டோம், எத்தனை பிள்ளைகளை வைத்தியராக்கினோம் என்று பட்டியல் போட்டுக் காட்டி எங்கள் இருப்புக்கு அனுமதி கேட்டுக் கேட்டே காலம் போய்விட்டது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேரை நல்லிணக்கத்தின் அடையாளம் என்று படம்பிடித்துப் போடுகிறார்கள். நல்லது. தேர் இழுக்கத் தெரியாதவனுக்கும், வேலையே கிடைக்காதவனுக்கும், வருத்தக்காரனுக்கும் மனித மதிப்பு ஒன்றுதான் என்று இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் வரியே சொல்கிறது. பிரயோசனம் உள்ளவனை வைத்துக்கொண்டு மற்றவனைத் தள்ளிவிடலாம் என்பவன், நான் கிழவனாகி வேலைக்கு உதவாமல் போகும் நாளில் என்னையும் தள்ளுவான்.

எங்களைப் பற்றி முடிவெடுக்கும் தேர்தல்களில் எங்களில் பலருக்கு வாக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர் வந்து சில மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு நாற்பது வருடம் இருந்து இந்த ஊர்த் தெருவைக் கூட்டிய தமிழனுக்கு அது கிடையாது. வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை கொடுக்க இரண்டு மாநிலங்கள் சட்டம் செய்தபோது 1990இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. பேசப்படுகிறோம், எண்ணப்படுகிறோம், விலைபேசப்படுகிறோம். கையைத் தூக்க முடியாது.

கையைத் தூக்க முடிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 பெப்ரவரியில், எங்கள் சனம் நிறைய வாழும் ரூர் பகுதியில், சுரங்கத் தொழிலாளரின் நகரமான கெல்சன்கிர்ஹனில் ஏ.எப்.டி. முதலிடம் பிடித்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை அது. சுரங்கம் மூடிய பிறகு வேலையும் போய்க் கடைகளும் பூட்டிக்கிடக்கும் தெருக்கள் அங்கே எத்தனையோ. அந்தத் தெருக்காரரின் கோபம் பொய்யல்ல. சுரங்கத்தை நாங்கள் மூடவில்லை, வீட்டு வாடகையை நாங்கள் ஏற்றவில்லை. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கட்சிகள் எங்களைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தப்பிக்கொண்டன. அதே வருட செப்டெம்பரில் அந்த நகரத்தின் மேயர் தேர்தல் இரண்டாம் சுற்றுக்குப் போனது. டுயிஸ்பேர்க்கிலும் ஹாகனிலும் அப்படியே. மூன்று ஊர்களிலும் ஏ.எப்.டி.யின் வேட்பாளர்கள் தோற்றார்கள்.

ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, அடுத்த வாக்குச்சீட்டு வரும்போது அதை மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு இல்லாத கை அது. வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் சரி, கதவடியில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: ஏ.எப்.டி.யின் வாக்கோடு ஒரு சட்டத்தை நிறைவேற்றுவீர்களா, மாட்டீர்களா? பதில் வாயில் வரும்வரை கதவைச் சாத்தாதீர்கள். கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் மாமா எங்களை இல்லை என்று சொன்னால், அவர் எந்த வழியால் வந்தார் என்று அவரிடமும் கேளுங்கள்.